பதினாலு வீடும் ஒரு ஆறும்

பஸ் வெளிக்கிடப்போகுது, இரும் தம்பி, இரும். அந்த சீற் வெறுமைதான். பையை நான் காலுக்குள்ள வைக்கிறன். இல்லையில்லை, ஒருதரும் வரேல்லை. அது என்ர மனுசியின்ர சீற். மனுசி பாரிசில நிண்டிட்டுது. ஏன் நிண்டது எண்டு கேக்காதேயும், கேட்டால் நான் சொல்லிப்போடுவன்.

நீர் எந்த ஊர்? வவுனியாவோ. தாய் தேப்பன் எவடம்? மன்னார்ப் பக்கமோ. அப்ப எங்களுக்குள்ள ஒரு தொடுசலும் இல்லை. நல்லதாப் போச்சு. சொந்தம் எண்டால் நான் வாயே திறந்திருக்கமாட்டன்.

என்ர பேர் நாகேந்திரம். ஜேர்மனியில, டோட்மண்டில இருபத்தெட்டு வருசம். முந்தி யாழ்ப்பாணம் பஸ் டிப்போவில ரைம்கீப்பர். பஸ் ஒரு நிமிசம் பிந்தினாலும் கொப்பியில சிவத்த மையால எழுதுவன். அந்தப் பழக்கம் இண்டைக்கும் விட்டுப் போகேல்லை. ரெலிபோன் எண்டால் மூண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடுத்துப்போடுவன். நாகேந்திரத்துக்கு அடிச்சம், ஆள் எடுக்கேல்லை எண்டு இந்த ஐரோப்பாவில ஒரு சனம் சொல்லட்டும் பாப்பம்.

மனுசியின்ர பேர் தவமலர். வயோதிபர் இல்லத்தில சமையல் வேலை. கலியாணம் செய்து இருபத்தாறு வருசம், ஒரு நாள் எதிர்த்துக் கதைச்சதில்லை. அப்பிடிப்பட்ட மனுசி போன மாசம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு நிண்டு கேக்குது, "இஞ்சாருங்கோ, பாரிசுக்கு ஒருக்காப் போவமே?" எண்டு.

நான் உடன கேட்டன், "ஏன், ஆர் செத்தது?"

"ஒருதரும் சாகேல்லை. ஒரு விசயமும் இல்லாமல் போவம். இடம் பாக்க."

நாங்கள் பாரிசுக்குப் பதினொரு தரம் போயிருக்கிறம் தம்பி. ஆறு கலியாணவீடு, பெட்டையள் பெரிசான சாமத்தியவீடு மூண்டு, ரெண்டு செத்தவீடு. மனுசி பாரிசில பாத்தது நாலு மண்டபம், அதில ரெண்டுக்கு ஜன்னலும் இல்லை. எண்டாலும் போனதுதானே? பாரிஸ் பாக்கேல்லை எண்டு சொல்லேலுமே?

சரி, கேட்டுப்போட்டுது, பாவம். என்ன பாக்கவேணும் எண்டு எழுதித் தா எண்டன். கலண்டர் தாளைக் கிழிச்சு அதின்ர பின்பக்கத்தில மூண்டு வரி எழுதித் தந்துது. ஆத்தில படகு ஓடுதாம், அதில ஒரு மணித்தியாலம் இருக்கவேணும். ஆத்தங்கரையில பழைய புத்தகம் விக்கிற பெட்டிக்கடையள் இருக்காம், பாக்கவேணும். பிறகு ஒரு மரவாங்கில குந்தியிருந்து, பேக்கரியில விக்கிற அந்த நீட்டுப் பாணைச் சாப்பிடவேணும். அவ்வளவுதான். அந்த இரும்புக் கோபுரம்கூடக் கேக்கேல்லை. பாணுக்கும் தண்ணிக்கும் பாரிசுக்குப் போறதோ எண்டு எனக்குச் சிரிப்பு. ஆனால் நான் மனுசியின்ர ஆசைக்குக் குறுக்க நிக்கிற ஆள் இல்லை. சனி ஞாயிறு போவம் எண்டு அண்டைக்கே கொப்பி எடுத்துத் திட்டம் போட வெளிக்கிட்டன். திங்களும் லீவு எடுங்கோ எண்டு மனுசி சொல்லிச்சுது. நித்திரை கொள்ள நல்லம் எண்டு எடுத்தன்.

அப்ப மனுசி மெதுவாச் சொல்லுது, "ஒருதருக்கும் சொல்லாமல் போவம்."

என்ன கதை இது? நாங்கள் என்ன கள்ளரோ? பாரிசில லாச்சப்பல் தெருவுக்குள்ள இறங்கினால் எங்களைத் தெரியாத ஒரு தமிழ்க்கடை இருக்கே? ஆராவது கண்டு, "நாகேந்திரம் வந்து நிண்டவர், எங்கட வாசல்படி மிதிக்கேல்லை" எண்டு ஒரு சொல் வந்தால் அது நான் செத்து முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி மட்டும் நிக்கும். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கே?

நான் ஒரே ஒராளுக்குத்தான் சொன்னன். பாரிசுக்குக் கொஞ்சம் வெளியால சார்செல்லில இருக்கிற என்ர மூத்த அண்ணருக்கு. தலை இருக்க வால் ஆடலாமோ? "அண்ணை, ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" எண்டு சொல்லித்தான் சொன்னன். அண்ணரும் ஒருதருக்கும் சொல்லேல்லை. அண்ணிக்கு மட்டும் சொன்னவர். பொழுதுபட முந்தி எனக்குப் பதினாலு போன். பதினாலையும் எடுத்தன். பதினாலு பேருக்கும் வாறம் எண்டன். வேறென்ன சொல்லுறது? வரமாட்டன் எண்டு எங்கட பாசையில சொல்லேலுமே தம்பி?

இதுக்குள்ள நான் வாய் வைச்ச மாதிரி, அடுத்த கிழமை ஒரு சா. பொபினியில என்ர சின்னம்மாவின்ர மகன் பரராசா இருக்கிறான். அவன்ர மாமியார் மோசம் போட்டா. நாங்கள் எப்பிடியும் வாறம்தானே எண்டு செத்தவீட்டுக்குப் போகேல்லை. அப்ப பாரிசில இறங்கினவுடன முதல் போகவேண்டியது அங்கதான். துக்கம் விசாரிக்காமல் வேற வீட்டில வடை சாப்பிட்டால் பரராசா மூஞ்சையில முழிக்கேலுமோ?

இப்ப கணக்கைக் கேளும். மனுசியின்ர தமையன் பெண்சாதி ஜெயமதி தெற்குப் பக்கத்தில புது வீடு வாங்கியிருக்கிறா. குடிபூரலுக்கு நாங்கள் போகேல்லை, அது ஒரு குறை. இந்த முறை போயே ஆகவேணும். ஆனால் அந்தியேட்டி முடியாத வீட்டால வந்து முழுகாமல் புது வீட்டுக்குள்ள கால் வைக்கலாமோ? கூடாது. அப்ப இடையில ஒரு முழுக்கு. எங்க முழுகிறது? அண்ணர் வீட்டில. அண்ணர் வீட்டில முழுகினால் மத்தியானச் சாப்பாடும் அங்கதான். அங்க சாப்பிட்டுப்போட்டு ஜெயமதி வீட்டில தேத்தண்ணியோட எழும்பினால், "எங்கட சோறு இறங்காதோ?" எண்டு கேப்பா. அப்ப ரெண்டு இடத்திலயும் சாப்பிடவேணும். பொபினி ஒரு தொங்கல், சார்செல் ஒரு தொங்கல், ஜெயமதி வீடு மற்றத் தொங்கல். நடுவில மிச்ச வீடுகள். நான் ரயில் நேரம் எல்லாம் பாத்து, ஆருக்கு எத்தினை நிமிசம் எண்டு எழுதி, ஒருதரும் ஒரு சொல் சொல்லேலாத மாதிரி ஒரு அட்டவணை போட்டன் பாரும், டிப்போவில இருந்த காலத்திலகூட அப்பிடி ஒண்டு போட்டதில்லை.

மனுசி வந்து கொப்பியைப் பாத்துது. மேல இருந்து கீழ விரலை வைச்சுக்கொண்டு வந்து கேட்டுது, "இதில ஆறு எங்க?"

காட்டினன். ஞாயிறு விடிய ஒன்பதரை தொடக்கம் பதினொண்டரை மட்டும். சிவத்த மையால கட்டம் போட்டு "ஆறு" எண்டு எழுதியிருந்தன். ரெண்டு மணித்தியாலம்! செத்தவீட்டுக்குக் குடுத்ததே நாப்பது நிமிசம்தான், யோசியும். மனுசி அந்தக் கட்டத்தை விரலால ஒருக்காத் தடவிப் பாத்துது. சந்தோசம்தான்.

நேற்று விடியவே பொபினியில நிண்டம். நாப்பது நிமிசம் ரெண்டு மணித்தியாலமாப் போச்சு. பரராசாவின்ர பெண்சாதி தாயின்ர கடைசி ஆறு மாசத்தையும் மருந்துக் குளிசை குளிசையாச் சொன்னவ. வெளிக்கிடேக்க என்ர மனுசி என்ன செய்துது தெரியுமோ? "போட்டு வாறம்" எண்டு சொல்லிப்போட்டுது! செத்தவீட்டில ஆரும் போட்டு வாறம் எண்டு சொல்லுவினமே? பேசாமல் எழும்பி வாறதெல்லோ முறை? எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. இவ்வளவு காலமாத் தெரிஞ்ச விசயம் நேற்று மட்டும் மறந்திட்டுது. நினைப்பு முழுக்க ஆத்தில நிண்டிருக்கும்.

அங்கயிருந்து அண்ணர் வீடு, முழுக்கு, சாப்பாடு. பிறகு வீடு வீடா இறங்கி, ஜெயமதி வீடு, ரோல்ஸ், திரும்பச் சாப்பாடு. பாரிசை நல்லாப் பாத்தம் தம்பி, நிலத்துக்குக் கீழால. ஒன்பது தரம் ரயில் மாறினம். ஒரு இடத்தில ரயில் வெளியால வந்து பாலத்தில ஏறிச்சுது. மனுசி எழும்பி என்ர கையைப் பிடிச்சு, "இஞ்ச பாருங்கோ, இஞ்ச பாருங்கோ" எண்டுது. நான் அப்ப போனில. நான் திரும்பிறதுக்குள்ள ரயில் கீழ இறங்கிட்டுது. சுவர்தான் தெரிஞ்சுது.

பின்னேரம் அண்ணர் வீட்டுக்குத் திரும்பி வர, அண்ணர் ரீவியைப் போட்டு, அந்த ஆத்தைக் காட்டுற நிகழ்ச்சி ஒண்டை வைச்சு விட்டவர். "பிள்ளை, இதில வடிவாத் தெரியுது, குளிருமில்லை. முப்பத்தஞ்சு வருசமா இஞ்ச இருக்கிறன், நான் போனதில்லை. ஆத்தில என்ன இருக்கு? தண்ணிதானே இருக்கு" எண்டவர். நியாயமான கதை. மனுசியும் கதிரையில இருந்து கடைசி மட்டும் பாத்துது.

இண்டைக்கு விடிய ஏழு மணிக்கே மனுசி வெளிக்கிட்டு நிக்குது. புதுச் சப்பாத்து. கைப்பைக்குள்ள அந்தக் கலண்டர் தாள். ஒன்பது இருவதுக்கு நான் சப்பாத்துக்குள்ள ஒரு கால் வைச்சிட்டன், போன் அடிக்குது. மனுசி என்னைப் பாத்து, "விடுங்கோவன்" எண்டுது. விடுறதோ? எடுத்தன். பொண்டி எண்ட இடத்தில இருக்கிற பரமேஸ் மச்சாள். அண்ணரின்ர மகள் நாங்கள் ஜெயமதி வீட்டில ரோல்ஸ் சாப்பிடுற படத்தைப் பேஸ்புக்கில போட்டிட்டாள். கிணறு வெட்டப் பூதம்! மச்சாள் அழுதழுது கேக்கிறா, "அவளின்ர ரோல்ஸ் இறங்கும், என்ர தேத்தண்ணி இறங்காதோ?" எண்டு. எங்கட மகளின்ர சாமத்தியவீட்டுக்கு முதல் ஆளா வந்து நிண்டவ அவ. மறக்கலாமோ? பதினாலுக்குள்ள அவவின்ர பேர் எப்பிடித் தவறிச்சுதோ தெரியேல்லை. பதினைஞ்சாவது வீடு.

"பத்து நிமிசம், வாசலில நிண்டு தேத்தண்ணி குடிச்சிட்டு ஓடி வருவம்" எண்டு மனுசிக்குச் சொன்னன். அந்தச் சிவத்த கட்டத்தை நான் வெட்டேல்லை, பாரும். அதுக்கு மேல சின்னனா "பொண்டி" எண்டு எழுதினன், அவ்வளவுதான்.

போனால் மச்சாள் இடியப்பம் அவிச்சு, சொதி, ரெண்டு கறி, சம்பல் எல்லாம் வைச்சுக்கொண்டு நிக்கிறா. எழும்பேலுமே? மூண்டு தரம் போட்டவ. மனுசி சாப்பிட்டுப்போட்டு எழும்பிச்சுது. குசினிக்குள்ள போய் எல்லாற்ற கோப்பையளையும் கழுவித் துடைச்சு அடுக்கிப்போட்டு வந்துது. "உங்களுக்கு வாய்ச்ச மனுசி தங்கம்" எண்டு மச்சாளே சொன்னவ. எனக்குப் பெருமைதான்.

அங்கயிருந்து நேர பஸ். வெளிக்கிட ஏழு நிமிசம் இருக்கு. மனுசி இந்தச் சாப்பாட்டுப் பையை என்ர மடியில வைச்சு, "பசிச்சவுடன திறவுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு இறங்கிச்சுது. தண்ணி வாங்கப் போகுதாக்கும் எண்டு நான் கொப்பியைப் பாத்துக்கொண்டு இருந்தன். ஆருக்குக் குறை வைச்சம், ஆருக்கு வைக்கேல்லை எண்டு. கதவு பூட்டுது! நான் சாரதியிட்ட ஜேர்மன் பாசையில கத்துறன், அவன் தன்ர பாசையில கத்துறான். அப்ப போனில மெசேச் ஒண்டு வந்துது. இந்தா, நீரே பாரும்.

"நான் நாளைக்கு வாறன். ஹோட்டலில நிக்கிறன். பயப்பிடாதேங்கோ."

ஹோட்டலில! பதினைஞ்சு வீடு இருக்கிற ஊரில, என்ர மனுசி ஹோட்டலில! அறுந்த மூக்கை எந்தத் துணியால மூடுறது? புருசனோட சண்டை எண்டு ஒரு பகுதி கதைக்கும். ஒரு வீட்டிலயும் சேர்க்கேல்லை எண்டு மற்றப் பகுதி கதைக்கும். அண்ணர் காதில விழுந்தால் அந்த மனுசனுக்கு பிரஷர் ஏறும். போன் அடிச்சன், எடுக்கேல்லை. இருபத்தாறு வருசத்தில நான் அடிச்சு அவ எடுக்காதது இதுதான் முதல் தரம். அழுகைதான் வருது தம்பி. நான் என்ன குறை விட்டன்? சொல்லும். ரெண்டு மணித்தியாலம் ஒதுக்கினன் எல்லோ?

சரி, அதை விடும். பரமேஸ் மச்சாளின்ர இடியப்பம் இப்பதான் செமிச்சுது. நீரும் ஏதும் சாப்பிட்டிருக்கமாட்டீர். இந்தாரும், என்ன கட்டியிருக்குது எண்டு பாப்பம். வடை இருக்கு. அண்ணி தந்த பலகாரம் இருக்கு. இதென்ன கடதாசி? வடைக்குச் சுத்தினதோ? இல்லை, மடிச்சு வைச்சிருக்கு. கண்ணாடி மேல பைக்குள்ள, நீர் வாசியும்.

ஹோட்டல் கடதாசியோ. ஞாயிறு ஒரு நாள். ம்.

எத்தினை பேர்?

திரும்ப வாசியும்.

ரெண்டு பேரோ. வடிவாப் பாரும், ஒண்டை ரெண்டு எண்டு வாசிக்கிறீரோ? என்ர பேரோ? நாகேந்திரம் எண்டே இருக்கு? மற்றக் கடதாசி என்ன? படகு ரிக்கற். திங்கள் பதினொரு மணி. அதுவும் ரெண்டு. என்ன திகதி போட்டிருக்கு, எப்ப எடுத்தது? மூண்டாம் திகதியோ. மூண்டாம் திகதிதான் நான் சோத்துக் கோப்பைக்கு முன்னால இருந்து சரி எண்டது. நான் அண்ணருக்குச் சொன்னது நாலாம் திகதி.

அப்ப நான் அண்ணருக்குச் சொல்ல முந்தியே எடுத்து வைச்சிட்டுது. அதுக்குத்தான் அந்தத் திங்கள் லீவு. பாரும், என்ன வீண் வேலை! ரெண்டு பேருக்கு எடுத்துப்போட்டு ஒராள் போய்ப் படுக்கிறதோ? எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் வரமாட்டன் எண்டோ சொல்லப்போறன்?

சொன்னதுதான்.

நேற்று அண்ணர் வீட்டில சாப்பிடேக்க கேட்டுது. "நாளைக்கும் நிண்டு திங்கள் போவமே?" எண்டு. "ஆரின்ர வீட்டில?" எண்டு நான் கேட்டன். "ஒருதற்ற வீட்டிலயும் இல்லாமல்" எண்டு சொல்லிச்சுது. எனக்கு அது பெரிய பகிடியாக் கிடந்துது. "கேட்டியளே அண்ணை, உங்கட தம்பி பெண்சாதி பாரிசில ஒருதற்ற வீட்டிலயும் இல்லாமல் நிக்கப்போறாவாம்" எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். அண்ணர் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறி, தண்ணி எடுத்துக் குடுத்ததும் தவமலர்தான்.

அவவும் சிரிச்சவ எண்டுதான் நினைச்சன். இப்ப யோசிச்சுப் பாத்தால் முகம் நினைவு வருகுதில்லை. நான் பாக்கேல்லைப் போல.

பசிச்சவுடன திறவுங்கோ எண்டவ. மச்சாள் மூண்டு தரம் இடியப்பம் போட்டது அவவுக்குத் தெரியும்தானே. தெரிஞ்சும், எனக்குப் பசிக்கும் எண்டு நினைச்சிருக்கிறா. நீர் ஏறின லீல் நகரத்தில பஸ் கால் மணித்தியாலம் நிண்டது. நான் இந்தப் பையைக் காலுக்குள்ள வைச்சுக்கொண்டு, என்ர மரியாதை போச்சு எண்டு அழுதுகொண்டு இருந்தன். சீ, விசர் மனுசன்.

சாரதி என்ன சொல்லுறான்? புறுசெல்ஸ் வந்திட்டுதோ? தம்பி, உம்மட போனில பாரும், இங்கயிருந்து பாரிசுக்குத் திரும்ப பஸ் இருக்கோ? ஆறேகாலுக்கோ. சீற் இருக்கோ? அமத்தும், ஒண்டு அமத்தும். இந்தாரும் என்ர பாங்க் காட்.

ஐயையோ. புறுசெல்ஸில காந்தன் மச்சான் எல்லோ இருக்கிறான். பஸ் நிக்கிற இடத்துக்கும் அவன்ர வீட்டுக்கும் பத்து நிமிசம். நான் இந்த ஊரில இறங்கி அவன்ர வீட்டுக்குப் போகாமல் திரும்பினன் எண்டு தெரிஞ்சால், அவன் செத்தாலும் என்ர... ஒரு தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸில... இல்லை. அவன் விடமாட்டான். கொத்துரொட்டி போடுவான்.

பாரும், நினைக்க போன் அடிக்கிறான். காந்தன்தான். அண்ணர்தான் சொல்லியிருப்பார், நாகேந்திரம் உன்ர ஊராலதான் போறான் எண்டு. அந்தத் தூணடியில சுடுதண்ணிப் போத்தலோட நிக்கிறது அவனோ? சிவத்த ஜக்கெற்? அவன்தான்.

தம்பி, உம்மட தொப்பியை எனக்குத் தாரும். அட தாரும், சொந்தக்காரர் இல்லாத ஆள் நீர், உமக்கென்ன பயம்? கடதாசி ரெண்டையும் என்னட்டைத் தாரும், இந்தப் பையை நீர் வைச்சிரும். வடை முழுக்க உமக்குத்தான். நான் பசியோட போறன், அங்க பாண் சாப்பிடவேணும். பின் கதவு எந்தப் பக்கம்?

ரெண்டு அடிச்சிட்டுது. மூண்டு.

அடிக்கட்டும் தம்பி. அடிக்கட்டும்.